தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் கண்ணியமும் அந்தரங்கமும்

தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டவர் பெரும்பாலும் தமக்காகப் பேச இயலாத நிலையில் இருப்பார். ஆயினும் அவருடைய உரிமைகள் குறைவதில்லை. மரியாதையுடன் நடத்தப்படுவதும் அந்தரங்கம் காக்கப்படுவதும் அவுஸ்திரேலிய சுகாதாரப் பராமரிப்பு உரிமைகள் சாசனத்தில் இடம்பெற்றுள்ளன. அவற்றைக் காப்பதில் வைத்தியசாலைக்கும் குடும்பத்தினருக்கும் பங்குண்டு.

கட்டிலருகே

உடல் கழுவும்போதும் பரிசோதிக்கும்போதும் திரைச்சீலையை மூடுவதும், செய்யவிருப்பதை முன்னதாகச் சொல்வதும் பணியாளரின் கடமையாகும். மயக்கத்தில் இருப்பவருக்கும் காது கேட்கக்கூடும். ஆதலால் சொத்து, செலவு, பிழைப்பாரா என்பன குறித்து உறவினர் அவர் அருகில் நின்று பேசுவதைத் தவிர்த்தல் வேண்டும். பெண் நோயாளியின் உடல் பராமரிப்புக்குப் பெண் தாதியைக் கோரலாம்; இயன்றவரை அதற்கு ஏற்பாடு செய்யப்படும். தாலி போன்றவற்றைக் கழற்ற நேர்ந்தால், அவற்றைக் குடும்பத்தினரிடம் ஒப்படைக்குமாறு கேட்கலாம்.

தகவல் யாருக்கு?

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நோயாளியின் மருத்துவத் தகவல்கள் 2002ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் பாதுகாக்கப்படுகின்றன. தொலைபேசியில் விசாரிக்கும் எல்லா உறவினருக்கும் தாதியர் விபரம் கூறாதிருப்பது அலட்சியத்தால் அன்று. அது அவர்களின் கடமை. குடும்பத்தில் ஒருவரைத் தொடர்பாளராக அறிவித்தால், வெளிநாட்டிலுள்ள உறவினரும் அவர் மூலம் செய்தி அறியலாம். குழாய்கள் பொருத்தப்பட்ட நிலையில் எடுத்த படத்தை வட்ஸ்அப் குழுக்களில் பகிர்தல் கூடாது. நோயாளி குணமடைந்து அதைக் காண நேரின், அது அவருக்குப் பெரும் மனவேதனையைத் தரும்.

சம்மதம் அளிப்பவர்

நோயாளியால் முடிவெடுக்க இயலாதபோது, 1987ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி ‘பொறுப்பாளர்’ ஒருவர் சிகிச்சைக்குச் சம்மதம் அளிப்பார். அதன் வரிசை பின்வருமாறு:

1. சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாவலர்
2. நெருங்கிய, தொடர்ச்சியான உறவிலுள்ள கணவன், மனைவி அல்லது வாழ்க்கைத் துணை
3. ஊதியமின்றிப் பராமரித்து வந்தவர்
4. நெருங்கிய உறவினர் அல்லது நண்பர்

மூத்த மகன் என்பதனால் மட்டும் ஒருவர் பொறுப்பாளராகிவிடமாட்டார். உயிர்காக்கும் அவசர சிகிச்சைக்குச் சம்மதம் பெறும்வரை வைத்தியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

உரைபெயர்ப்பாளர்

அரசாங்க வைத்தியசாலைகளில் தமிழ் உரைபெயர்ப்பாளரை இலவசமாகக் கோரலாம். அவர் கேட்டவற்றை வெளியில் கூறமாட்டார். பிள்ளைகளையோ அயலவரையோ கொண்டு உரைபெயர்ப்பது உகந்ததன்று; நோயாளி மறைக்க விரும்பும் செய்தி அவர்களுக்குத் தெரியவரலாம், கசப்பான செய்தியை அவர்கள் மாற்றிச் சொல்லவும் கூடும்.

குறை இருப்பின்

முதலில் பிரிவின் தாதிப் பொறுப்பாளரிடம் தெரிவிக்கலாம். தீர்வு கிடைக்காவிடின், சுகாதாரப் பராமரிப்பு முறைப்பாட்டு ஆணைக்குழுவை 1800 043 159 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். தமிழில் பேச விரும்புவோர் 131 450 என்ற இலக்கத்தை முதலில் அழைத்து, இணைப்பைக் கோரலாம்.