இனிப்புப் பானங்களும் உடல் நலமும்

வெயிற்காலம் பிறந்ததும் ரயில் நிலையங்களிலும் பள்ளிக்கூட வாயில்களிலும் பானக் கடைகள் பெருகிவிடுகின்றன. புட்டிகளில் அடைத்த குளிர்பானம், கரும்புச் சாறு, பழரசம், எலுமிச்சைச் சர்பத், இளநீர், மோர் எனத் தாகம் தீர்க்கும் பொருள்கள் பல. இவற்றுள் புட்டிப் பானம் ஒன்றே கெடுதல் என்றும், இயற்கையாகக் கிடைக்கும் சாறுகள் யாவும் நன்மையே செய்யும் என்றும் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதைச் சுகாதார ஊழியர்களும் ஆசிரியர்களும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில், கிராம மக்கள் பெரும்பாலும் அவர்களிடமே யோசனை கேட்கின்றனர்.

ஒரு தம்ளரில் எவ்வளவு சர்க்கரை?

200 மில்லிலிட்டர் கொள்ளும் தம்ளர் ஒன்றை அளவாகக் கொண்டால், கோலா வகைப் பானத்தில் சுமார் 21 கிராம் சர்க்கரை இருக்கிறது. இது ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி. கரும்புச் சாற்றில் 100 மில்லிலிட்டருக்கு 13 முதல் 15 கிராம் வரை இருப்பதால், ஒரு தம்ளருக்கு 26 முதல் 30 கிராம் ஆகிறது; அதாவது கோலாவைவிட அதிகம். சர்க்கரை சேர்க்காத ஆரஞ்சுச் சாற்றிலும் சுமார் 17 கிராம் உண்டு. இளநீரில், காயின் முதிர்ச்சிக்கு ஏற்ப, 5 முதல் 10 கிராம் வரை காணப்படும். உப்பிட்ட மோரில் பாலுக்கு இயல்பான லாக்டோஸ் மட்டுமே சிறிதளவு இருக்கிறது.

தேன், சர்க்கரைப் பாகு, பழச்சாறு ஆகியவற்றிலுள்ள சர்க்கரையும், உணவில் சேர்க்கும் சர்க்கரையும் ஒருங்கே கணக்கிடப்பட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. நாள் ஒன்றுக்கு 2,000 கலோரி உட்கொள்பவருக்கு இது 50 கிராமுக்கு மேற்படலாகாது. 25 கிராமுக்குள் அடங்கினால் மேலும் நலம். ஒரு தம்ளர் கரும்புச் சாறே இந்த இரண்டாவது வரம்பைத் தாண்டிவிடுகிறது.

உடலினுள் நிகழ்வது

சர்க்கரை சிறுகுடலில் குளுக்கோஸ், பிரக்டோஸ் என இரண்டாகப் பிரிகிறது. குளுக்கோஸ் ரத்தத்திற் கலந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. பிரக்டோஸின் பெரும் பகுதி கல்லீரலைச் சேர்கிறது. தேவைக்கு மிஞ்சியது அங்கே கொழுப்பாக மாறுகிறது. சர்க்கரை கோலாவிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் இம்முறை ஒன்றே.

மேலும், நீராகப் பருகிய சர்க்கரை பசியை அவ்வளவாகத் தணிப்பதில்லை. பானம் குடித்தவர் வழக்கம்போல் உணவும் உண்கிறார்; உடல் எடை ஏறுகிறது. ஆரஞ்சுப் பழத்தை முழுதாக உண்பவர் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்கிறார். அதன் நார்ப்பொருள் சர்க்கரை மெல்லக் கலக்குமாறு செய்கிறது. சாறு பிழியும்போது நார் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. எனினும் பழச்சாற்றில் வைட்டமின் சி-யும் இளநீரில் பொட்டாசியமும் இருப்பதால், சர்க்கரையும் அமிலமும் மட்டுமே கொண்ட புட்டிப் பானத்தோடு அவற்றைச் சமமாக்குதல் முறையாகாது. ஆனால் சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இளநீர் அருந்தலாகாது.

2015ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, சர்க்கரை கலந்த பானத்தை நாள்தோறும் ஒரு முறை அருந்துவோரிடம் இரண்டாம் வகை நீரிழிவு சுமார் 18 சதவிகிதம் அதிகமாகக் காணப்பட்டதாகத் தெரிவிக்கிறது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023இல் வெளியான மதிப்பீடு கூறுவதை இதனுடன் சேர்த்து எண்ண வேண்டும்.

பற்களுக்கும் கேடு உண்டு. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் எனாமலைக் கரைக்கிறது. ஒரு புட்டியை நெடுநேரம் சிறிது சிறிதாகப் பருகும் பழக்கம் இத்தீங்கைப் பெருக்கும்.

வயிற்றுப்போக்கில் எச்சரிக்கை

களப்பணியாளர் முக்கியமாக நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்குக் குளிர்பானம் கொடுத்தால் தெம்பு வரும் என்று சில தாய்மார் நம்புகின்றனர். இது ஆபத்தானது. ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் சாதாரண உப்பும் வேறு இரு உப்புக்களும் உள்ளன. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து குடற்சுவரைக் கடக்கும்போது நீரும் உடன் செல்கிறது. கோலாவிலோ லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை. சோடியம் மிகக் குறைவு. இவ்வளவு செறிந்த பானம் உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும்.

சரியான கரைசலின் வலிமையை 1971இல் மேற்கு வங்காள எல்லையிலிருந்த அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் நிரூபித்தார். காலரா பரவிய அம்முகாமில் சுமார் 30 சதவிகிதமாக இருந்த இறப்பு 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது.

இனிப்புப் பானங்கள் சில ‘ஓ.ஆர்.எஸ்.’ என்னும் எழுத்துக்களைத் தாங்கி விற்கப்பட்டு வந்தன. உரிய கலவையில் அமையாத பானங்கள் இப்பெயரைப் பயன்படுத்தலாகாது என இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் உத்தரவிட்டது. ஆகவே, தாய்மாருக்குப் பொட்டலத்தைக் காட்டி, அதில் குறித்த அளவு சுத்தமான நீரில் கரைக்கும் முறையையும் செய்து காட்டுதல் வேண்டும். கண்கள் குழிந்தோ, மயங்கியோ, பருக இயலாமலோ இருக்கும் குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

ஆசிரியர்கள் காலிப் புட்டிகளைச் சேகரித்து, மேலொட்டிய சீட்டில் 100 மில்லிலிட்டருக்குக் குறித்துள்ள சர்க்கரையை மாணவர்களைப் படிக்கச் சொல்லலாம். புட்டி முழுவதற்கும் கணக்கிட்டு, அவ்வளவு சர்க்கரையை நிறுத்துக் கண்ணாடித் தம்ளரில் இட்டுக் காட்டினால், சொற்பொழிவைக் காட்டிலும் அது நன்கு பதியும். பள்ளிகளில் சர்க்கரை அளவுப் பலகைகள் வைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025இல் கூறியதும் இந்நோக்கத்தோடுதான்.

தாகத்திற்குத் தண்ணீரே முதன்மை. அதற்கு அடுத்து மோர், சர்க்கரையில்லாத எலுமிச்சை நீர், இளநீர். பழத்தைப் பழமாகவே உண்பது நன்று. கரும்புச் சாறும் புட்டிப் பானமும் என்றேனும் ஒரு நாள் அருந்தத் தக்கவை; அன்றாடப் பானமாக ஏற்கத் தக்கவை அல்ல.