உங்களுக்குத் தெரியுமா? தலைக்குள் காற்று ஏற்றிய காலம்

மூளையைப் படமெடுக்க ஒரு காலத்தில் ஏற்றிய ‘மருந்து’ வெறும் காற்று!

• 1919-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி காட்டிய வழி இது. முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரை வடித்து, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி வேறு. 1970-களில் சி.டி. ஸ்கேன் வந்துதான் இந்தச் சித்திரவதைக்கு முடிவு கட்டியது.

• வலிக்காதது எல்லாம் நல்லதல்ல. 1930-களில் எக்ஸ்ரே படத்துக்காக உடலில் ஏற்றிய தோரோட்ராஸ்ட் என்ற மருந்து உடம்பை உறுத்தவில்லை, படமும் பளிச். உள்ளே இருந்ததோ கதிரியக்கத் தோரியம்! கல்லீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயைத் தந்தது.

• இன்றைய எம்.ஆர்.ஐ.யில் படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்தில் இருப்பது கடோலினியம். அந்த உலோகத்தை இறுக்கிப் பிடிக்கும் வளைய வகையே கூடுதல் பாதுகாப்பானது. பிடி தளர்ந்த நேர்கோட்டு வகைகள் பலவற்றை ஐரோப்பா 2017-இல் நிறுத்திவைத்தது.

• சிறுநீரகக் கோளாறோ ஒவ்வாமையோ இருந்தால், ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.