ஊர்விட்டு ஊர் போகும் பவழம்!

பவழத்தைக் கல் என்று பலர் நினைக்கிறார்கள். அது கல் அல்ல, உயிருள்ள பிராணி!

அமெரிக்காவில் புளோரிடா கடலில் 2014-ல் பவழங்களுக்கு ஒரு கொடிய நோய் கண்டது. சதை உரிந்து, வெறும் எலும்புக்கூடு மிஞ்சியது. நோய் தொடாத பவழங்களைப் பெயர்த்து எடுத்து, வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். கடலே இல்லாத நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா மிருகக்காட்சி சாலைக்குக்கூட அவை போய்ச் சேர்ந்தன.

கொண்டு போவது எப்படி?

ஒரு பைக்கு ஒரு பவழம்தான். சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று கொட்டிவிடும்! பவழம் முழுகும் அளவு கடல் நீர் விடவேண்டும். மேலே பிராணவாயு நிரப்பி, இறுகக் கட்டவேண்டும். பவழத்தின் உடலில் வாழும் பாசி, இருட்டில் பிராணவாயு தராது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

பைகளைத் தெர்மகோல் பெட்டியில் அடுக்குவார்கள். வெயிலும் ஆகாது, குளிரும் ஆகாது. சுமார் 25 டிகிரி சென்டிகிரேடு சூடு போதும். அளவு மீறினால் பாசி வெளியேறி, பவழம் வெளுத்துவிடும்.

அவசரம் கூடாது

வந்ததும் உடனே தொட்டியில் போடக்கூடாது. தொட்டி நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கவேண்டும்.

பட்ட பாடு வீண் போகவில்லை. 2020-ல் புளோரிடாவின் டாம்பா நகர மீன்காட்சி சாலை வளர்த்த பவழங்களுக்குக் குஞ்சுகள் பிறந்தன!