மருந்தின் விலை

எலுமிச்சைக்குப் பேர்பெற்ற நம் புளியங்குடியில் அரசு மருத்துவமனைக்குச் செல்வோர் மருந்துக்குக் காசு தருவதில்லை. 1994இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு நிலையங்களுக்கு அனுப்புகிறது.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலி வேறு வழி கண்டது. 1987இல் அதன் தலைநகர் பமாகோவில் கூடிய ஆப்பிரிக்கச் சுகாதார அமைச்சர்கள், மருந்தை நோயாளிக்கு விற்று அவ்வருவாயில் நிலையங்களை நடத்தும் திட்டத்தை ஏற்றனர். 1989இல் அந்நகரின் பான்கோனி பகுதி மக்கள் சங்கம் அமைத்துத் தமக்கென ஒரு சுகாதார நிலையத்தை நிறுவினர். நிர்வாகம் அவர்கள் கைக்கு வந்தது. கையில் காசில்லாத ஏழையின் நிலை என்ன என்பதே பெரும் வினாவாயிற்று. நம்மிடமோ ஏழைக்குத் தடையில்லை. எந்த மருந்து வரவேண்டும் என்பதில் ஊராருக்குப் பேச்சுமில்லை. இரண்டில் ஏழைக்குத் தடையில்லாததையே நாம் மேலாகக் கருதுகிறோம்.

1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் நோயாளியிடம் காசு கேட்கப்படவில்லை. செலவை வக்ஃபு சொத்துகளின் வருவாய் சுமந்தது.