மஞ்சள் மாத்திரை இரத்தத்தைச் சேர்கிறதா?

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங், சிகாமட் போன்ற நகரங்களின் கடைகளில் மஞ்சள் சத்து மாத்திரைகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. மூட்டுவலிக்கென அவற்றை வாங்கி உண்ணும் தோட்ட மக்கள் பலர். ஆனால், விழுங்கிய பொருள் வயிற்றை அடைந்ததனால் மட்டும் உடலுக்குப் பயன்பட்டுவிடாது. குடற்சுவரையும் கல்லீரலையும் கடந்து அதில் எவ்வளவு இரத்தத்திற் கலக்கிறது என்பதே வினா.

அளக்கும் முறை இதுதான். தாமே முன்வந்தோர் சிலருக்கு வெறும் வயிற்றில் மருந்து கொடுக்கப்படும். கால் மணி, அரை மணி, ஒரு மணி எனக் குறித்த நேரங்களில் அவர்களது இரத்தம் சிறிது எடுக்கப்பட்டு, சுழற்கருவியில் இட்டுத் தெளிநீர் பிரிக்கப்படும். அத்தெளிநீரில் உள்ள மருந்தின் அளவைக் கருவி காட்டும். அவ்வளவுகளை வரைபடத்திற் குறித்தால் குன்று போன்றதொரு கோடு எழும். அக்கோட்டின் கீழுள்ள பரப்பே உடல் பெற்ற மருந்தின் அளவாகும். சில நாள் இடைவெளிக்குப் பின் அதே மனிதருக்கு வேறு வகை மருந்தைக் கொடுத்து, இரு பரப்புகளையும் ஒப்பிடுவர்.

பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. மஞ்சளின் சத்தாகிய குர்குமின் 2 கிராம் உண்டவர்களின் இரத்தத்தில் அது ஏறத்தாழத் தென்படவே இல்லை. மிளகின் காரப்பொருளாகிய பைப்பெரின் 20 மில்லிகிராமை உடன் சேர்த்தபோது, அளவு சுமார் இருபது மடங்கு உயர்ந்தது. நம் இரசத்தில் மஞ்சளும் மிளகும் இணைந்திருப்பதை எண்ணி மகிழலாம். ஆயினும், மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்களவே உள்ளதால், 2 கிராம் பெற அறுபது கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். மேலும், ஏறத்தாழ இல்லாத ஒன்று இருபது மடங்கானாலும் சிறிதே. விளம்பரங்களில் காணும் 'மடங்கு' கணக்கை இவ்வாறே நோக்குதல் வேண்டும்.

மிளகுச் சத்து வேலை செய்வது, குடலும் கல்லீரலும் பொருள்களை மாற்றி வெளியேற்றும் செயலைத் தடுப்பதனால். அத்தடை மஞ்சளோடு நில்லாது. ஆஸ்துமாவுக்கான தியோபிலின் மருந்தும் பைப்பெரினுடன் உண்ணும்போது இரத்தத்தில் மிகுவதாக ஆய்வு காட்டியுள்ளது. அம்மருந்து மிகுந்தால் நெஞ்சு படபடக்கும். இத்தாலியில் 2019இல், மஞ்சள் மாத்திரை உண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதால், எச்சரிக்கை வாசகம் அச்சிட அரசு ஆணையிட்டது.

நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்துப் புட்டியில் 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் எண் இருக்கும். அதனைப் பார்த்தபின், சிற்றெழுத்துகளில் பைப்பெரின் எனும் பெயர் உள்ளதா என்றும் பாருங்கள். இருந்து, நீங்கள் வேறு மருந்தும் உண்பவராயின், புட்டியையே கையோடு எடுத்துச் சென்று கிளினிக்கில் மருத்துவரிடம் காட்டுங்கள்.