சுழலும் தட்டுகள் – 14: அட்டைப்படத்தால் தள்ளிப்போன பாட்டு

1977 மார்ச்சில், ஒரு பௌர்ணமி இரவில், தென் லண்டன் வீட்டில் பியானோ முன் உட்கார்ந்து ஆங்கிலப் பாடகி கேட் புஷ் 'வுதரிங் ஹைட்ஸ்' பாட்டை எழுதியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அப்போது அவருக்கு வயது 18. எமிலி பிரான்டியின் இதே பெயருள்ள நாவலை பி.பி.சி. தொலைக்காட்சித் தொடராக எடுத்திருந்தது. அதன் கடைசிச் சில நிமிடங்களை எப்போதோ பார்த்ததுதான் பொறி. புத்தகத்தைப் படித்தது பிறகுதான்.

பாட்டில் பேசுவது நாவலில் செத்துப்போன நாயகி கேத்தரின். ஜன்னலுக்கு வெளியே ஆவியாக நின்று, உள்ளே விடச் சொல்லிக் காதலன் ஹீத்கிளிஃபைக் கெஞ்சுகிறாள். ஆவி பாடுவதால் குரல் மனுஷக் குரலாக இருக்கக் கூடாது என்பது கேட்டின் கணக்கு. அதனால்தான் அந்த வானத்தைக் கிழிக்கும் உச்சஸ்தாயி. கேட்டவர்களில் பாதிப்பேர் மயங்கினார்கள், மீதிப்பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். பல்லவி வரும்போது பாட்டு சுருதியையே மாற்றிக்கொண்டு வேறெங்கோ போய்விடும். தாளமும் நேர்நடையாக நிற்காது. ஆண்ட்ரூ பவல் தயாரிப்பில் பதிவு நடந்தது. முடிவில் இயன் பெயர்ன்சனின் கிதார் நீண்டுகொண்டே போய்த் தேய்கிறது.

இ.எம்.ஐ. கம்பெனிக்கு இதில் நம்பிக்கை இல்லை. (நம் ஊர் எச்.எம்.வி. நாய்ப்படத் தட்டுகளுக்கும் அப்போது தாய்க் கம்பெனியாக இருந்தது அதுதான்.) 'ஜேம்ஸ் அண்ட் த கோல்ட் கன்' என்ற ராக் பாட்டை முதலில் விடலாம் என்றார்கள். வியாபாரக் கண்ணுக்கு அது தப்பான யோசனையும் இல்லை: லண்டன் பப்களில் கேட் தன் குழுவோடு பாடியபோது எடுபட்ட பாட்டு அது. ஆனால் கேட் இறங்கி வரவில்லை. கடைசியில் கம்பெனிதான் இறங்கியது.

நவம்பர் 4 என்று நாள் குறித்தாயிற்று. அப்போது அட்டைப்படம் தனக்குப் பிடிக்கவில்லை என்றார் கேட். ஒரு தட்டுகூட விற்றிராத பெண், உலகின் பெரிய இசைக் கம்பெனிகளில் ஒன்றிடம் படத்தை மாற்று என்கிறார்! வெளியீடு தள்ளிப்போனது. அதற்குள் சில பிரதிகள் வானொலி நிலையங்களுக்குப் போயிருந்தன. ஒலிபரப்ப வேண்டாம் என்று கம்பெனி கேட்டுக்கொண்டும் லண்டனின் கேபிடல் ரேடியோ விடாமல் போட்டுக்கொண்டிருந்தது. கடையில் கிடைக்காத பாட்டுக்கு இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்?

தாமதத்தில் இன்னொரு லாபமும் இருந்தது. அதே நவம்பரில் பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழு 'மல் ஆஃப் கின்டயர்' பாட்டை இறக்கியது. 9 வாரம் முதலிடம். பிரிட்டனில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் விற்பனை. அந்தக் கிறிஸ்துமஸ் வெள்ளத்தில் ஒரு புதுமுகத்தின் பேய்ப்பாட்டு அடித்துச் செல்லப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். கேட் இதையெல்லாம் கணக்குப் போடவில்லை. அவர் கேட்டது நல்ல படம், அவ்வளவுதான்.

1978 ஜனவரி 20-ல் தட்டு வெளிவந்தது. மார்ச்சில் ஆபா குழுவைத் தள்ளிவிட்டு முதலிடம், தொடர்ந்து 4 வாரம். தானே எழுதிய பாட்டோடு பிரிட்டன் பட்டியலின் உச்சிக்குப் போன முதல் பெண் அவர். 19 வயதுதான் ஆகியிருந்தது. அதன்பின் கம்பெனி அவரை நாடு நாடாக விளம்பரத்துக்கு அனுப்பியது. அடுத்த பாட்டு எழுத நேரம் கேட்டு அவர் மல்லுக்கு நின்ற கதை அடுத்த வாரம்.