டிவிடி எழுத ஏன் இவ்வளவு நேரம்? அப்பாயி டிஸ்க்கும் ஒரு பழைய லேப்டாப்பும்

இன்னைக்கு கொஞ்சம் பழைய சமாச்சாரம்: டிவிடி ரைட் பண்றது. "என் லேப்டாப்புல டிஸ்க் போடுற இடமே இல்லையே"ன்னு நீங்க சிரிக்கிறது தெரியுது. ஆனா வீட்டு பீரோவைத் திறந்து பாருங்க. ஏதோ ஒரு கல்யாணம், ஏதோ ஒரு காதுகுத்து, ஒரு டிஸ்க்குல தூங்கிக்கிட்டு இருக்கும்.

எங்க ஊர் பட்டுக்கோட்டை. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் அடிச்சப்ப தென்னந்தோப்புகளோட சேர்ந்து எங்க வீட்டு ஓடும் போச்சு. போட்டோ ஆல்பம் எல்லாம் நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. எங்க அப்பாயி பேசுற வீடியோ ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். 2009ல் நடந்த காதுகுத்து டிவிடி. அது அத்தை வீட்டில் இருந்ததால தப்பிச்சது.

போன மாசம் ஊருக்குப் போனப்ப அத்தை அதைக் கையில் குடுத்து, "தம்பி, இது அங்கங்க நின்னு நின்னு ஓடுது. கெட்டுப் போறதுக்குள்ள ஆளுக்கு ஒண்ணு போட்டுக் குடுப்பா. போன்ல எல்லாம் எனக்குப் பார்க்கத் தெரியாது, டிவியில ஓடணும்"னாங்க. அத்தை, பெரியப்பா, சித்தப்பா, எங்க வீடு. மொத்தம் நாலு காப்பி. ராத்திரி எனக்கு பஸ்.

என் ஆபீஸ் லேப்டாப்பில் டிரைவ் கிடையாது. சித்தப்பா வீட்டு அலமாரியில் இருந்து விண்டோஸ் எக்ஸ்பி ஓடுற ஒரு பழைய லேப்டாப் கிடைச்சது. மணிக்கூண்டு பக்கம் ஒரு கடையில் அஞ்சு வெற்று டிஸ்க் வாங்கினேன். கீறல் விழுந்த அந்த டிஸ்க்கை மெல்லிய துணியால் நடுவில் இருந்து வெளியே நேரா துடைச்சு, முதல்ல ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஐஎஸ்ஓ கோப்பா எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. கீறல் இருந்தா டிரைவ் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சுப் பார்க்கும், அதனால அதை நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது அடுத்தது. புது டிஸ்க்கில் எழுத 40 நிமிஷம். அதுவும் டிவி பிளேயரில் பாதியில் நின்னுடுச்சு.

இங்கதான் நம்ம எல்லாரும் ஒரு தப்பு பண்ணுவோம். வேற சாஃப்ட்வேர் போடுவோம், டிரைவைத் தட்டுவோம். அதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் போடுங்க.

டிவிடியில் 1எக்ஸ் வேகம்னா நொடிக்கு சுமார் 1.385 எம்பி. 4.7 ஜிபி டிஸ்க்கை அந்த வேகத்தில் நிரப்ப ஏறக்குறைய 57 நிமிஷம். 4எக்ஸ்னா கால் மணி நேரம். சிடியோட 1எக்ஸ் வேற, நொடிக்கு வெறும் 150 கேபி. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. இன்னொண்ணு, பெட்டியில் போட்டிருக்கிற 8எக்ஸ் பெரும்பாலும் தட்டோட வெளி ஓரத்தை நெருங்கும்போதுதான் வரும். உள் வட்டத்தில் வேகம் கம்மியாத்தான் தொடங்கும்.

என் கோப்பு 4.4 ஜிபி. 40 நிமிஷம்னா நொடிக்கு 1.8 எம்பி. அதாவது 1.3எக்ஸ். நான் தேர்ந்தெடுத்ததோ 8எக்ஸ். அப்போ எங்கயோ அடைப்பு.

எழுதுறதுன்னா அது ஒரு சங்கிலி. ஹார்டு டிஸ்க், நினைவகம், கேபிள், லேசர், கடைசியா தட்டு. எந்தக் கண்ணி மெதுவோ அதுதான் மொத்த வேகம். அதனால ஒரு நேரத்தில் ஒண்ணை மட்டும் மாத்திப் பார்க்கணும்.

முதல் கேள்வி: நடக்கிறது எழுத்துதானா? எம்பி4 கோப்பைக் குடுத்து "வீடியோ டிவிடி"ன்னு சொன்னா, சாஃப்ட்வேர் அதை முதல்ல எம்பெக்-2 வடிவத்துக்கு மாத்தும். பழைய லேப்டாப்பில் அதுக்கே மணிக்கணக்கு ஆகும். பழி டிரைவ் மேல விழும். என்கிட்ட இருந்தது தயார் ஐஎஸ்ஓ, அதனால இது இல்லை.

ரெண்டாவது: தட்டு. ஒவ்வொரு டிஸ்க்கிலும் தயாரிப்பாளர் குறியீடு பதிஞ்சிருக்கும். அந்தக் குறியீடு டிரைவுக்குப் பழக்கமில்லைன்னா அது வேகத்தைக் குறைச்சுக்கும். அந்தக் கடையிலேயே வேற கம்பெனி டிஸ்க் ஒண்ணு வாங்கிப் போட்டேன். அதே மந்தம். அப்போ தட்டும் இல்லை.

மூணாவது துப்பு என் கண்ணு முன்னாடியே இருந்தது. எழுதும்போது மவுஸ் ஒட்டிக்கிட்டு ஒட்டிக்கிட்டு நகர்ந்தது. டிஸ்க் எழுதுறதுக்கு பிராசஸர் ஏன் மூச்சு வாங்கணும்?

டிவைஸ் மேனேஜர் போய், ஐடிஇ கன்ட்ரோலர் பட்டியலில் செகண்டரி ஐடிஇ சேனலோட அட்வான்ஸ்டு செட்டிங்ஸைத் திறந்தேன். "பிஐஓ மோடு"ன்னு இருந்தது. இருக்க வேண்டியது டிஎம்ஏ.

நம்ம ஊர் நெல் கொள்முதல் நிலையத்தை நினைச்சுக்கோங்க. பில் எழுதுறவர் எழுதுவார், மூட்டையை சுமை தூக்குறவங்க தூக்குவாங்க. அது டிஎம்ஏ. பில் எழுதுறவரே ஒவ்வொரு மூட்டையையும் தூக்கிப் போட்டுட்டு வந்து எழுதினா? அதுதான் பிஐஓ. தரவைப் பிராசஸரே சுமக்குது.

யார் மாத்தினது? விண்டோஸேதான். எக்ஸ்பியில் ஒரு சேனலில் பிழைகள் ஆறு சேர்ந்தா, அது பாதுகாப்புக்காக ஒரு படி வேகத்தைக் குறைக்கும். குறைச்சு குறைச்சு கடைசியில் பிஐஓவுக்கு வந்து நிக்கும். தானா மேல ஏறாது. கீறல் விழுந்த டிஸ்க்கைப் படிக்க வெச்சதுதான் அந்தப் பிழைகளைக் கொட்டியிருக்கு. அப்பாயி டிஸ்க்கைக் காப்பாத்தப் போய் நானே டிரைவை நொண்டியாக்கி வெச்சிருந்தேன்!

தீர்வு சின்னது. அந்த சேனலை அன்இன்ஸ்டால் பண்ணி, ரீஸ்டார்ட் பண்ணினா விண்டோஸ் அதைப் புதுசா கண்டுபிடிச்சு டிஎம்ஏவில் வைக்கும். வெச்சது.

இன்னொரு விஷயம். தரவு நேரத்துக்கு வரலைன்னா முன்னாடி எல்லாம் டிஸ்க் அப்படியே பாழ். 2000ல் சான்யோ கொண்டுவந்த பர்ன்-ப்ரூஃப் நுட்பம்தான் லேசரை நிறுத்தி, விட்ட இடத்தில் தொடர வெச்சது. அப்புறம் வந்த டிரைவ்கள் எல்லாத்திலும் இது மாதிரி ஒண்ணு இருக்கு. அதனாலதான் இன்னைக்கு நமக்கு "பாழ்" தெரியறதில்லை, "மந்தம்"தான் தெரியுது. மந்தம் ஒரு அறிகுறி. சும்மா விட்டுடாதீங்க.

உங்ககிட்ட இருக்கிறது யுஎஸ்பி டிரைவா? அப்போ பிஐஓ கவலை வேண்டாம். ஹப் இல்லாம நேரா லேப்டாப்பில் செருகுங்க. யுஎஸ்பி 2 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான். சில டிரைவ்களுக்கு எழுதும்போது அது பத்தாது. ரெண்டு முனை கேபிள் குடுத்திருந்தா ரெண்டையும் செருகுங்க. சார்ஜரும் மாட்டியே இருக்கட்டும்.

சரி பண்ணினதும் நான் 8எக்ஸ் போகலை. வேணும்னே 4எக்ஸ் வெச்சேன், சரிபார்ப்பு ஆப்ஷனையும் போட்டேன். எழுத கால் மணி நேரம், சரிபார்க்க இன்னும் கொஞ்சம். கையில் மிச்சம் இருந்தது சரியா நாலு டிஸ்க். நாலும் சுத்தமா வந்தது. ஐஎஸ்ஓவை ஒரு பென் டிரைவிலும், என் ஆபீஸ் லேப்டாப் வழியா கிளவுடிலும் வெச்சேன். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோட அப்டேட் நின்னுபோச்சு, அதை இணையத்தில் இணைக்காதீங்க.

அத்தை டிவியில் போட்டாங்க. பந்தியில் நின்னுக்கிட்டு அப்பாயி யாரையோ "இன்னும் கொஞ்சம் சோறு வையி"ன்னு அதட்டிக்கிட்டு இருந்தாங்க. அத்தை அந்த இடத்தை மூணு தடவை ஓட்டிப் பார்த்தாங்க. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, நானும் கூட உட்கார்ந்தேன்.

இந்த வாரம் பீரோவைத் திறங்க. டிஸ்க் இருந்தா, எழுதுறது அப்புறம். முதல்ல ஒரு ஐஎஸ்ஓ எடுத்து வையுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.